சாக்லேட் சிஸ்டுக்கு ரோபோ ஆபரேஷன் சொல்கிறார்களா? கையெழுத்துக்கு முன் படியுங்கள்

என் தங்கைக்கு வயது 31. குழந்தைக்காகக் காத்திருந்தவள். மாதவிலக்கு வலி தாங்காமல் ஸ்கேன் எடுத்ததில் இரண்டு சினைப்பையிலும் சாக்லேட் சிஸ்ட், அதாவது பழைய ரத்தம் தேங்கிய கட்டி, இருப்பது தெரிந்தது. சென்னையில் ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். "ரோபோவில் எடுத்தால் சினைப்பைக்கு ஒன்றும் ஆகாது, பின்னால் குழந்தை பெறுவதற்கு இதுதான் பாதுகாப்பு" என்றார்கள். சொன்னது டாக்டர்கூட இல்லை, பேக்கேஜ் பேசும் கவுன்சலர்.

சினைப்பையில் முட்டைக் கையிருப்பு எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை ஏ.எம்.ஹெச். அவளுடைய அளவு 2.4 என்ற பழைய ரிப்போர்ட் ஃபைலிலேயே இருந்தது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. கருமுட்டையை முன்கூட்டியே எடுத்து உறைய வைக்கலாம் என்றும் ஒருவரும் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்து சில மாதம் கழித்துப் பார்த்தால் 0.5.

இந்தக் கட்டியின் சுவர் சினைப்பையோடு ஒட்டிக்கிடக்கும். உரித்தெடுக்கும்போது முட்டைகள் இருக்கும் நல்ல திசுவும் சேர்ந்து வந்துவிடும். ரத்தக்கசிவை நிறுத்தச் சூடு வைத்தால் இன்னும் கொஞ்சம் போகும். ரோபோ வந்ததால் இது மாறிவிடாது. கன்சோலில் உட்கார்ந்து அதை இயக்குவது டாக்டரின் கைதான். இந்தக் கட்டியை உண்டாக்கும் நோயான எண்டோமெட்ரியோசிஸுக்கு ரோபோவையும், சிறு துளைகள் வழியாகக் கேமரா விட்டுச் செய்யும் சாதாரண லேப்ராஸ்கோப்பியையும் நேருக்கு நேர் வைத்துப் பார்த்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், ஆபரேஷன் நேரம், ரத்த இழப்பு, சிக்கல்கள் எதிலும் பெரிய வித்தியாசமில்லை. ஐ.வி.எஃப்.புக்கு முன் குழந்தைப்பேறு கூடும் என்பதற்காக இந்தக் கட்டியை வழக்கமாக அறுத்தெடுக்க வேண்டாம் என்று ஐரோப்பிய மருத்துவ அமைப்பான எஷ்ரேவின் 2022 வழிகாட்டுதலே சொல்கிறது. வலிக்காக ஆபரேஷன் தேவைப்படலாம். அப்போதும் மிச்சமிருக்கும் முட்டைக் கையிருப்பைப் பற்றி முதலில் பேசியிருக்க வேண்டாமா?

பணத்திலும் ஏமாற்றினார்கள். "இன்சூரன்ஸில் முழுசாக வந்துவிடும்" என்றார்கள். ரோபோ சிகிச்சையை இன்சூரன்ஸ் கம்பெனி அடியோடு மறுக்க முடியாதுதான். ஆனால் அதற்குத் தனி உச்சவரம்பு வைக்கலாம். அவள் பாலிசியில் அது இருந்தது. மீதியைக் கட்டிய பிறகுதான் டிஸ்சார்ஜ் செய்தார்கள்.

உங்களிடம் ரோபோ என்று சொன்னால், ஆபரேஷன் செய்யப்போகும் டாக்டரிடமே கேளுங்கள்: என் ஏ.எம்.ஹெச். இப்போது எவ்வளவு, ஒரு பக்கம் மட்டும் தொட்டால் போதுமா, முட்டை உறைய வைக்க நேரம் இருக்கிறதா, இதே ஆபரேஷனை லேப்ராஸ்கோப்பியில் ஏன் செய்யக்கூடாது? இன்சூரன்ஸ் வரம்பை கம்பெனியிடமிருந்தே எழுத்தில் வாங்குங்கள்.

எழுதிக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும் என்பது விதி. ஆபரேஷன் குறிப்பும் பயாப்ஸி ரிப்போர்ட்டும் கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். கெடு தாண்டிவிட்டது, இன்னும் தரவில்லை. அடுத்தது மாநில மெடிக்கல் கவுன்சிலில் புகார்.