நின்றுபோனால் சத்தம் போடுமா? ஏஐ ஆட்டோமேஷன் ஏஜென்சி நடத்திய அனுபவம்

2023 நடுவில் நானும் நண்பர் ஒருவரும் சேர்ந்து ஆரம்பித்த ஏஐ ஆட்டோமேஷன் ஏஜென்சி இது: அலுவலகங்களில் கையால் செய்யும் வேலைகளை ஏஐ வைத்துத் தானாக ஓட வைத்துக்கொடுப்போம். இப்போது நாங்கள் மூன்று பேர். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் தரும் வாடிக்கையாளர்கள் ஒன்பது. பெரிய வளர்ச்சி என்று சொல்ல முடியாது. ஆனால் இத்தனை நாள் இந்தக் கருவிகளோடு குடித்தனம் நடத்தியதில் சில விஷயங்கள் பிடிபட்டிருக்கின்றன. முதல் மாதத்திலேயே எழுதியிருந்தால் வேறு மாதிரி எழுதியிருப்பேன். அப்போது எல்லாமே பிரமாதமாகத் தெரிந்தது.

முதல் வேலை ஒரு மொத்த வியாபாரிக்கு. சப்ளையர்கள் மின்னஞ்சலில் அனுப்பும் பில் பிடிஎஃப்களைப் படித்து, பில் எண், தேதி, வரி, மொத்தம் எல்லாவற்றையும் பிரித்தெடுத்துக் கணக்குத் தாளில் ஏற்ற வேண்டும். டெமோ பார்த்து முதலாளி அசந்துபோனார். கணக்கு பார்க்கும் அம்மா மட்டும் ஒன்று கேட்டார்: "எல்லாம் சரி தம்பி, இது நின்னுபோச்சுன்னா எனக்கு எப்படித் தெரியும்?"

அதெல்லாம் நிற்காதும்மா என்று சொல்லிவிட்டு வந்தோம்.

பதினோராம் நாள் அவரிடமிருந்து போன். "நாலு நாளா ஒரு பில்லும் ஏறலையே, யாரும் சரக்கே அனுப்பலையா?" போய்ப் பார்த்தால் ஜிமெயில் இணைப்பு அறுந்து கிடந்தது. ஜிமெயிலைத் திறக்க அனுமதி வாங்குவதற்காகக் கூகுளில் நாமே உருவாக்கும் ஓஆத் செயலியை 'டெஸ்டிங்' (சோதனை) நிலையிலேயே விட்டுவிட்டால், அந்த அனுமதியைப் புதுப்பிக்கும் ரெஃப்ரெஷ் டோக்கன் 7 நாளில் காலாவதியாகிவிடும். ஆவணத்தில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். படிக்காமல் விட்டது நாங்கள்தான். வாடிக்கையாளரிடம் வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் அலுவலகச் சேவை) கணக்கு இருந்தால் அவர்கள் கணக்கிலேயே ப்ராஜெக்ட் திறந்து 'இன்டர்னல்' (நிறுவனத்துக்குள் மட்டும்) என்று வைத்துவிட்டால் இந்தத் தொல்லையே கிடையாது. இதைக் கற்றுக்கொள்ள நான்கு நாள் பில்களைக் கையால் ஏற்ற வேண்டியிருந்தது. நானே உட்கார்ந்து ஏற்றினேன். அந்த அம்மா பக்கத்திலேயே நின்று தன் நோட்டோடு ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆமாம், நோட்டுப் போடுவதை அவர் நிறுத்தவே இல்லை.

அன்றிலிருந்து எந்தக் கருவியைப் பார்த்தாலும் முதலில் அவர் கேட்ட கேள்வியைத்தான் கேட்கிறேன். நின்றுபோனால் சத்தம் போடுமா?

ஒரு செயலியில் நடந்ததை இன்னொரு செயலிக்குத் தானாகக் கடத்தும் கருவிகள் பல உண்டு. அவற்றில் ஸாப்பியர் சத்தம் போடும். தவறு நடந்தால் மின்னஞ்சல் வரும், புதியவர்களுக்குப் புரியும் மொழியிலும் இருக்கும். ஆனால் அது 'டாஸ்க்' கணக்கில் பணம் வாங்குவதால், ஒரு பில்லுக்கு ஆறு படி என்றால் எண்ணிக்கை மளமளவென்று ஏறும். சின்ன வேலைக்கு இன்னமும் அதையே சிபாரிசு செய்கிறேன். முன்பு இன்டெக்ரோமேட் என்ற பெயரில் இருந்த மேக் என்ற கருவி, கிளைகள் அதிகமுள்ள வேலைக்குக் கண்ணுக்கு அழகாக இருக்கும். தொடர்ந்து பிழை வந்தால் சினாரியோவையே (அதில் கட்டிய வேலைத்தொடரையே) அணைத்துவிட்டுத் தகவல் சொல்லும். முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு நல்ல குணம் என்று தோன்றிவிட்டது.

எங்கள் பிழைப்பு ஓடுவது அதே மாதிரிக் கருவியான என்8என்னில்தான். சொந்த சர்வரில் டாக்கர் என்ற மென்பொருள் மூலம் நிறுவிக்கொள்ளலாம், எத்தனை படி இருந்தாலும் ஓட்டத்துக்குக் கட்டணம் இல்லை, நடுவில் கோட் எழுதலாம். ஆனால் இது ஊமை. எரர் வொர்க்ஃப்ளோ (பிழை வந்தால் தகவல் சொல்லும் தனி வேலைத்தொடர்) ஒன்றை நாமாக எழுதி ஒவ்வொரு வேலையோடும் இணைக்காவிட்டால், தோற்ற ஓட்டம் பட்டியலில் சிவப்பாக நிற்கும், அவ்வளவுதான். யார் போய்ப் பார்ப்பது? இன்னொன்று, முதல் முறை ஓடும்போது அதுவே ஒரு என்கிரிப்ஷன் கீயை (கடவுச்சொற்களைப் பூட்டி வைக்கும் சாவியை) உருவாக்கி வைத்துக்கொள்ளும். சர்வர் மாற்றும்போது டேட்டாபேஸை மட்டும் பத்திரமாகத் தூக்கிக்கொண்டு போனோம். கீ பழைய சர்வரோடு போய்விட்டது. சேமித்திருந்த கடவுச்சொற்கள், டோக்கன்கள் ஒன்றையும் திறக்க முடியவில்லை. நான்கு வாடிக்கையாளர்களிடமும் போய், "மறுபடி லாகின் செய்து தருகிறீர்களா" என்று கேட்டு நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டேன்.

அப்புறம் மாடல்கள், அதாவது பில்லைப் படித்துப் பிரிக்கும் ஏஐயின் மூளை. எங்கள் முதல் வேலை ஓபன்ஏஐயின் டெக்ஸ்ட்-டாவின்ச்சி-003இல் ஓடியது. அதை 2024 ஜனவரி 4 அன்று நிறுத்தினார்கள். ஆறு மாதம் முன்பே சொல்லியிருந்தார்கள், நாங்கள் டிசம்பர் கடைசிவரை சோம்பேறித்தனமாக இருந்துவிட்டோம். புது மாடலுக்கு மாற்றியதும் தேதியை வேறு வடிவில் தர ஆரம்பித்தது, கணக்குத் தாளில் மாதமும் நாளும் இடம் மாறின. பிழை என்று எதுவும் வரவில்லை. எல்லாம் பச்சையாகவே இருந்தது. சத்தமில்லாத கோளாறுகளிலேயே மோசமானது இதுதான்: வேலை நிற்காமல் தப்பாக நடப்பது.

2024 ஆகஸ்டில் ஓபன்ஏஐயில் ஸ்ட்ரக்சர்டு அவுட்புட்ஸ் (பதிலை நாம் சொன்ன வடிவிலேயே தரும் வசதி) வந்த பிறகு வடிவப் பிரச்சினை பெரும்பாலும் ஒழிந்தது. கொடுத்த ஸ்கீமாவின்படியே (எந்தக் கட்டத்தில் என்ன வர வேண்டும் என்ற வரையறை) ஜேசன் வடிவில் தரவு வரும். ஆனால் கட்டம் சரியாக இருந்தால் கட்டத்துக்குள் இருக்கும் எண்ணும் சரி என்று ஆகாதே. ஒரு சப்ளையரின் பில்லில் கீழே 'முந்தைய நிலுவை' சேர்த்த தொகை தடித்த எழுத்தில் இருக்கும். மாடல் அதைத்தான் மொத்தமாக எடுத்துக்கொண்டது. ப்ராம்ப்டில் (மாடலுக்கு எழுதும் கட்டளையில்) 'கவனமாகப் படி', 'நிலுவையைச் சேர்க்காதே' என்றெல்லாம் எழுதிப் பார்த்தோம். அந்த பில் சரியானது, வேறொன்று கெட்டது. கடைசியில் ப்ராம்ப்டை விட்டுவிட்டு நான்கு வரி கோட் எழுதினோம்: வரிசைகளின் கூட்டலும் வரியும் சேர்ந்து மொத்தத்தோடு ஒத்துப்போகாவிட்டால் தாளில் ஏற்றாதே, மனிதரிடம் அனுப்பு. இத்தனை நாளில் நாங்கள் எழுதியதிலேயே அதிகம் உழைத்தது அந்த நான்கு வரிதான். அதில் ஏஐ எதுவும் இல்லை.

(தமிழில் வேலை செய்பவர்களுக்கு ஒரு குறிப்பு. ஜிபிடி-4ஓ என்ற மாடல் வந்தபோது ஓபன்ஏஐ காட்டிய உதாரணத்தில், முன்பு 116 டோக்கன் (மாடல் எழுத்தைத் துண்டாக்கிப் படிக்கும் அலகு, கட்டணமும் இதன் கணக்கில்தான்) பிடித்த ஒரு தமிழ் வாக்கியத்துக்கு 35 போதுமானதாக இருந்தது. பழைய மாடலை வைத்துச் செலவைக் கணக்குப் பார்த்து "தமிழுக்குக் கட்டுப்படியாகாது" என்று ஒதுக்கியவர்கள் மறுபடி ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.)

தொழிலாக வளர்ந்தபோது வந்த சிக்கல்கள் வேறு ரகம். ஆரம்பத்தில் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் எங்கள் ஒரே ஏபிஐ கீயைத்தான் (மாடலைப் பயன்படுத்தத் தேவையான சாவி) பயன்படுத்தினோம். ஒருவர் ஒரு நாள் மதியம் எங்களிடம் சொல்லாமல் பழைய மின்னஞ்சல் அத்தனையையும் அந்த இன்பாக்ஸில் கொண்டுவந்து கொட்டினார். வரம்பு தாண்டி 429 பிழை வர, சம்பந்தமே இல்லாத மற்ற மூன்று பேரின் வேலையும் படுத்துவிட்டது. இப்போது ஒவ்வொருவருக்கும் அவர்கள் பெயரிலேயே கணக்கு, அவர்கள் கார்டு, அவர்கள் கீ. செலவு அவர்கள் கண்ணுக்கு நேராகத் தெரிகிறது, பில் தொகை பற்றிய பேச்சுவார்த்தையே இல்லை. நாளைக்கு எங்களை விட்டுப் போனாலும் சுமுகமாகப் போகலாம். போகவிடாமல் கட்டி வைப்பதுதான் வியாபாரம் என்று ஒரு நண்பர் சொன்னார். அவர் இப்போது வேறு தொழில் செய்கிறார்.

கட்டணத்திலும் அடி வாங்கித்தான் திருந்தினோம். கட்டிக்கொடுத்து ஒரே தொகை வாங்குவது முதல் ஆண்டு வழக்கம். பிறகு ஏதாவது நின்றால், "நீங்கதானே செய்தீங்க" என்று போன் வரும். மறுக்கவும் முடியாது, பணம் கேட்கவும் முடியாது. இப்போது பராமரிப்பு இல்லாத வேலையை எடுப்பதில்லை. இதனால் இரண்டு பேர் கிளம்பிவிட்டார்கள். மூன்றாவது ஆளாக டெவலப்பரைச் சேர்க்கவில்லை. தினமும் காலையில் ஓட்டங்களைத் திறந்து பார்க்கவும், வாடிக்கையாளரோடு பேசவும், எது எங்கே ஓடுகிறது என்று எழுதி வைக்கவும் ஒருவரைச் சேர்த்தோம். உருப்படியான முடிவு.

வாடிக்கையாளரின் வாடிக்கையாளரோடு நேரடியாகப் பேசும் சாட்பாட் வேலைகளைக் குறைத்துக்கொண்டோம். 2024 பிப்ரவரியில் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தீர்ப்பாயம், சாட்பாட் தவறாகச் சொன்ன கட்டண விதிக்கு ஏர் கனடாவே பொறுப்பு என்று சொன்னது நினைவிருக்கலாம். அதைப் படித்த அன்றே ஒப்பந்தத்தில் இரண்டு பத்தி சேர்த்தோம். வாட்ஸ்அப் வேலையில் வேறொரு நடைமுறை விஷயம்: வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டியே வாட்ஸ்அப்பிடம் ஒப்புதல் வாங்கிய டெம்ப்ளேட் (மாதிரி) செய்தியைத்தான் அனுப்ப முடியும். 'மூன்று நாள் கழித்து ஏஐயே அன்பாக விசாரிக்கும்' என்று விற்பதற்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாவின் கேள்விக்கு ஒருவழியாக ஒரு பதில் செய்து வைத்திருக்கிறோம். தினமும் காலை 6 மணிக்கு ஒரு பொய் பில் தானாக அவர்கள் இன்பாக்ஸுக்குப் போகும், தொகை 1. பத்து நிமிடத்துக்குள் அது தாளின் சோதனைப் பக்கத்தில் வந்து உட்காராவிட்டால் எங்கள் மூவர் போனும் அடிக்கும். எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இதையே வைத்துவிட்டோம். சென்ற ஆண்டு ஒரு மாற்றம் செய்தபோது, அந்தப் பொய் பில் சோதனைப் பக்கத்தோடு நிற்காமல் நிஜக் கணக்கிலும் ஏற ஆரம்பித்தது. எச்சரிக்கை எதுவும் வரவில்லை, பத்து நிமிடத்தில் சோதனைப் பக்கத்துக்கு ஒழுங்காக வந்துகொண்டிருந்ததே. மாதக் கடைசியில் போன் வந்தது: "தம்பி, என் நோட்டுல இல்லாத முப்பது பில்லு இங்க இருக்கு."