நான்கு ஆண்டுகளாக டென்ஸ் கருவி: வலி குறைந்தது, ஒட்டுப்பட்டைத் தொல்லை குறையவில்லை

தோலில் ஒட்டும் பட்டைகள் வழியாகச் சிறு மின்துடிப்புகளை அனுப்பி வலியை மட்டுப்படுத்தும் என் டென்ஸ் கருவியின் வயர் சென்ற வாரம் அறுந்துபோனதால், செல்பேசி பழுதுபார்க்கும் கடையொன்றில் 60 ரூபாய் கொடுத்துப் பற்றவைத்து வாங்கினேன். சரியாகிவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கடைக்காரத் தம்பி இரண்டு பட்டைகளையும் தன் முன்கையில் ஒட்டிக்கொண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே போக, விரல்கள் தாமாக மடங்கத் தொடங்கியதும் சிரித்துவிட்டுப் பக்கத்துத் தேநீர்க் கடைக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அதே வாரத்தில், முழங்கால் வலிக்காக டிரமடால் சாப்பிட்டுவரும் அலுவலக நண்பர் ஒருவர், மாத்திரையை விட்டுவிட்டு இந்தக் கருவியை வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்டார். அவருக்கு நான் வாய்மொழியாகச் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்காததால் இங்கே எழுதுகிறேன்.

என்னுடையது இடுப்பு வலி. பதினான்கு மாதங்கள் டிரமடால் 50 மில்லிகிராம் இரண்டு வேளை சாப்பிட்டேன். ஓபியாய்டு எனப்படும் அபினி வகையைச் சேர்ந்த இந்த மருந்தை 2018இல் இந்திய அரசு போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. முதல் மாதத்தில் அது வரமாகத் தெரிந்தது; ஆறாவது மாதத்தில் வலியும் இருந்தது, மலச்சிக்கலும் இருந்தது, பிற்பகல் மூன்று மணிக்குக் கோப்பின் முன் உட்கார்ந்தபடியே கண் செருகும் வழக்கமும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை நானாகவே நிறுத்திப் பார்த்து, வியர்வையும் உறக்கமின்மையுமாக இரண்டு இரவுகள் பட்ட பாட்டுக்குப் பிறகுதான், மருத்துவர் அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து இரண்டு மாதங்களில் விடுவித்தார். நண்பரும் மருத்துவரைக் கேட்காமல் ஒரு மாத்திரையைக்கூடக் குறைக்கக் கூடாது.

அந்த இரண்டு மாதங்களில் இயன்முறை மருத்துவர் அறிமுகப்படுத்தியதுதான் டென்ஸ். முட்டிக்கொண்ட இடத்தை நாம் உடனே தேய்த்துவிடுகிறோம் அல்லவா, அதே வேலையை இது மின்சாரத்தால் செய்கிறது. தொடுதலைச் சுமந்து செல்லும் தடித்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச்செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுகிறது என்று மெல்ஸாக், வால் என்ற இருவர் 1965இல் முன்வைத்த வாயில் கோட்பாடே இதன் அடிப்படை. நான் பெரும்பாலும் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை துடிப்புகள் வரும்படி, வைத்துக்கொள்கிறேன். அரை மணி நேரம் இடுப்பில் மழைத்தூறல் விழுவது போன்ற உணர்வு இருக்கும். அணைத்த பிறகு ஒரு மணி நேரம், நல்ல நாளாக இருந்தால் இரண்டு மணி நேரம், வலி பின்வாங்கி நிற்கும். தலை தெளிவாக இருக்கும் என்பதை நான் எதிர்பார்க்கவே இல்லை.

இனி ஒட்டுப்பட்டைகள். கருவியை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். நான்கு பட்டைகள் கொண்ட உறை 350 ரூபாய், அது ஆறு வாரம் தாண்டாது. நான்கு ஆண்டுகளில் பட்டைகளுக்கு மட்டும் ஏறத்தாழ 12,000 ரூபாய் செலவழித்திருக்கிறேன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் எவ்வளவு சீயக்காய் போட்டாலும் ஞாயிறன்று பட்டை ஒட்டாது. சித்திரை மாத வியர்வையில் ஒட்டியதும் நழுவும். ஒரு துளி நீர் தடவி உயிர்ப்பிக்கலாம் என்று கையேடு சொல்கிறது, இரண்டு நாள் உயிர்க்கும். பட்டையின் ஓரம் தூக்கிக்கொண்டால் மின்னோட்டம் முழுவதும் ஒட்டியிருக்கும் சிறு பகுதியில் குவிந்து கட்டெறும்பு கடித்தது போல் சுரீரென்கிறது. ஒருமுறை ரயிலில் அப்படிக் கடிபட்டு நான் துள்ளி எழுந்ததில் எதிர் இருக்கைப் பாட்டி தன் தூக்குவாளியைக் கீழே போட்டுவிட்டார். தயாரித்த நிறுவனத்துக்கு மூன்று முறை எழுதினேன். மூன்று முறையும் தோலைச் சுத்தமாகத் துடைக்குமாறு பதில் வந்தது.

நியாயமாகச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. இடுப்பு வலிக்கு டென்ஸ் வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2016இலேயே வழிகாட்டியிருக்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு ஓபியாய்டும் வேண்டாம் என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. அமெரிக்காவில் நாள்பட்ட முதுகு வலியோ, இடுப்பு மூட்டு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மான வலியோ கொண்ட 240 பேரை ஓராண்டு கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், அன்றாட இயக்கத்தில் ஓபியாய்டு மாத்திரைகள் மற்ற வலி மாத்திரைகளை விஞ்சவில்லை. அப்படியானால் என்னை மீட்டது எது என்று யோசித்தால், காலையில் நாற்பது நிமிட நடையும், இயன்முறை மருத்துவர் கற்றுக்கொடுத்த ஐந்து பயிற்சிகளும்தான் என்று ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். கருவி செய்தது, வலிக்குப் பயந்து படுத்துக்கிடந்தவனை முதல் சில வாரங்கள் எழுந்து நடக்கவைத்தது. அது சிறிய உதவியா என்றால், அந்த வாரங்களில் எனக்கு அது சிறியதாகத் தெரியவில்லை.

ஆகவே நண்பருக்குச் சொல்வது: வாங்க வேண்டாம். முதலில் முழங்காலுக்கான பயிற்சிகளைக் கற்றுக்கொள்ளுங்கள். ஆசை விடாவிட்டால் சிகிச்சை நிலையத்தில் நான்கைந்து முறை வைத்துப் பாருங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் உள்ளவர் என்றால் அந்தப் பக்கமே போக வேண்டாம். ஐந்துக்கு இரண்டு நட்சத்திரங்கள் தருகிறேன், அதுவும் பட்டைகளை நினைக்காமல் இருந்தால். பற்றவைத்த வயர் மறுபடி அறுந்துவிடுமோ என்று, அன்றே ஒரு மாற்று வயரும் இரண்டு உறைப் பட்டைகளும் வரவழைத்துவிட்டேன்.