லிங்க்ட்இன் ரெக்ரூட்டர் லைட்: தனியாக எக்ஸிகியூட்டிவ் சர்ச் தொடங்குபவர் வாங்கலாமா?

உயர் பதவிகளுக்கு ஆள் தேடித் தரும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்குபவருக்கு முதல் மாதமே வரும் கேள்வி, லிங்க்ட்இனுக்குக் காசு கட்டுவதா வேண்டாமா என்பதுதான். இலவசக் கணக்கில் தேடிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் ‘வணிகப் பயன்பாட்டு வரம்பு’ என்று சொல்லித் தேடலை நிறுத்திவிடும். அடுத்த மாதம் 1ஆம் தேதிதான் மறுபடி திறக்கும். ஒரு பிளான்ட் ஹெட்டையோ (தொழிற்சாலைத் தலைவர்) சி.எஃப்.ஓ.வையோ (நிதித் தலைவர்) தேடிக்கொண்டிருக்கும்போது இது தாங்காது. ஆள் தேடுபவருக்கென்று லிங்க்ட்இன் விற்கும் சந்தாக்களில் முக்கியமானவை ரெக்ரூட்டர் லைட்டும் முழு ரெக்ரூட்டரும். முழு ரெக்ரூட்டர் வேண்டுமானால் விற்பனைக் குழுவோடு பேசி ஒப்பந்தம் போட வேண்டும். தனியாள் அலுவலகத்துக்கு அது தேவையில்லை. லைட் வாங்கலாம். ஆனால் பெயர்ப் பட்டியல் போடுவதற்கென்று வாங்க வேண்டும். அந்த வேலைக்கு அது நல்ல கருவி. அது ஆளைப் பேசிக் கொண்டுவந்து சேர்க்கும் என்று நம்பி வாங்கினால் பணம் வீண்.

முதலில் அதன் பெரிய குறை. லைட்டில் உங்கள் மூன்றாம் வட்டத் தொடர்பு வரைதான், அதாவது உங்கள் தொடர்பின் தொடர்புக்குத் தொடர்பு வரைதான், முழுதாகத் தெரியும். முழு ரெக்ரூட்டரில் இந்த வேலி கிடையாது. 300 தொடர்புகளோடு இருப்பவர் லைட் வாங்கினால், தேட வேண்டிய ஆட்களில் பலர் கண்ணிலேயே பட மாட்டார்கள். பட்டியல் முழுதாக இருப்பது போலத் தோன்றும், அதுதான் ஆபத்து. எனவே காசு கட்டுவதற்கு முன்பே ஒரு துறையைத் தேர்ந்துகொண்டு, அதில் ஒவ்வொரு கம்பெனியிலும் இரண்டு மூன்று பேரையாவது தொடர்பில் சேர்த்துவிடுங்கள். எச்.ஆர். ஆட்கள் மட்டும் போதாது. பர்ச்சேஸ், குவாலிட்டி ஆட்கள் வெண்டர் (பொருள் சப்ளை செய்யும்) கம்பெனிகள் வரை நீளும் தொடர்பு உள்ளவர்கள். கிண்டி, பி.எஸ்.ஜி., திருச்சி என்.ஐ.டி. பொறியியல் கல்லூரிகளின் பழைய மாணவர் வட்டமும் அப்படித்தான். ஒருவர் சேர்ந்தால் அவருக்குப் பின்னால் ஒரு வட்டமே திறக்கும்.

தேடல் பக்கம்தான் கொடுத்த காசுக்கு மதிப்பு. ஒரகடத்தில் உள்ள ஆட்டோ உதிரிபாகத் தொழிற்சாலைக்கு பிளான்ட் ஹெட் தேடுவதாக வைத்துக்கொள்வோம். ‘பிளான்ட் ஹெட்’ என்று மட்டும் போட்டால் பாதிதான் கிடைக்கும். அதே நாற்காலியில் இருப்பவருக்கு ஒரு கம்பெனியில் யூனிட் ஹெட், இன்னொன்றில் ஜி.எம். ஆபரேஷன்ஸ், மற்றொன்றில் வைஸ் பிரசிடென்ட் மேனுஃபாக்சரிங், பழைய குடும்ப நிறுவனத்தில் வொர்க்ஸ் மேனேஜர் என்று பெயர். இவை ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் வைத்து, இடையில் ‘ஆர்’ (OR) போட்டு, மொத்தத்தையும் அடைப்புக்குள் கொடுங்கள். பிறகு ‘நாட்’ (NOT) போட்டு டெபுடி, அசிஸ்டென்ட் என்ற சொற்களை விலக்குங்கள். ஆர், ஆண்ட், நாட் மூன்றையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில்தான் அடிக்க வேண்டும். சிறிய எழுத்தில் அடித்தால் வெறும் சொல்லாகிவிடும். சொல்லின் மீதிக்குப் பதிலாகப் போடும் நட்சத்திரக் குறி (*) வேலை செய்யாது. வேர்டில் தட்டச்சு செய்து ஒட்டினால் வளைந்த மேற்கோள் குறி வந்து தேடலைக் கெடுத்துவிடும். நேர்க் குறிதான் வேண்டும். முடிவுகள் சம்பந்தமில்லாமல் வந்து விழுந்தால் முதலில் இந்தக் குறியைத்தான் பாருங்கள்.

இடத்தை வடிகட்டுவதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரகடத்தில் வேலை பார்ப்பவர் சென்னை என்றுதான் போட்டிருப்பார். ஓசூர்த் தொழிற்சாலைக்காரர் பலர் பெங்களூரு என்று போட்டிருப்பார்கள். ஊரை இறுக்கிப் பிடிக்காமல் சென்னை, காஞ்சிபுரம், ஓசூர், பெங்களூரு எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு, கம்பெனிப் பெயரால் வடிகட்டுவது நல்லது. கிளையன்ட் கம்பெனிகளிலிருந்து ஆளை இழுக்க மாட்டேன் என்று ஒப்பந்தத்தில் எழுதிக் கொடுத்திருப்பீர்கள். அந்தப் பெயர்களை இந்த இடத்திலேயே விலக்கிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் கண்டிப்பாக ஒரு பெயர் நழுவி உள்ளே வந்துவிடும்.

தொடர்பில் இல்லாதவருக்கும் லிங்க்ட்இனுக்குள்ளேயே அனுப்பும் செய்திதான் இன்மெயில். அதற்கு மாதத்துக்கு 30 கிரெடிட் தருகிறார்கள், ஒரு செய்திக்கு ஒன்று. பயன்படுத்தாதது அடுத்த மாதத்துக்குச் சேரும், 120 வரை. ஒரு உயர் பதவித் தேடலுக்கு 80 முதல் 120 பெயர் வரை பட்டியல் போட்டு, அதில் 40, 50 பேரை அணுகி, 15 பேரோடு விரிவாகப் பேசி, நான்கைந்து பேரை கிளையன்ட் முன் நிறுத்துவதுதான் வழக்கமான கணக்கு. அந்த அளவுக்கு 30 பற்றாதுதான். ஆனால் 90 நாளுக்குள் பதில் வந்தால் அந்த கிரெடிட் திரும்பக் கிடைக்கும், ‘வேண்டாம்’ என்று பதில் வந்தாலும்கூட. அதனால் கடைசி வரியாக, ‘இப்போது மாறும் எண்ணம் இல்லையென்றாலும் ஒரு வரி சொல்லுங்கள்’ என்று கேட்டு வையுங்கள். மறுப்பவர்தான் அடுத்த பெயரையும் சொல்வார். 1,900 எழுத்து வரை எழுத இடம் இருக்கிறதே என்று நிரப்ப வேண்டாம்; 400க்குள் முடியுங்கள். தலைப்பில் பதவியும் ஊரும், முதல் வரியில் அவரை ஏன் தேடி வந்தீர்கள் என்பது, பிறகு 15 நிமிடம் பேச நேரம் கேட்பது. ஜே.டி.யை (வேலை விவரக் குறிப்பு) இணைக்க வேண்டாம், கிளையன்ட் பெயரும் வேண்டாம், இவை பேசியபின்தான். ஓப்பன் புரொஃபைல் (யாரும் செய்தி அனுப்பலாம் என்று திறந்து விட்ட கணக்கு) வைத்திருப்பவருக்கு கிரெடிட் செலவில்லாமலே அனுப்பலாம், அவர்களைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஷாப் ஃப்ளோரிலேயே (தொழிற்சாலை உற்பத்திக் கூடம்) நாளைக் கழிப்பவர் லிங்க்ட்இனை மாதத்துக்கு ஒருமுறை திறந்தாலே அதிகம். அவருக்கு இன்மெயில் போட்டுவிட்டுக் காத்திருப்பது தேடல் ஆகாது. பட்டியலை எடுத்துக்கொண்டு, தெரிந்தவர் மூலம் எண் வாங்கிப் போன் செய்ய வேண்டும். நௌக்ரி வேலைவாய்ப்புத் தளத்தின் ரெஸ்யூம் கிடங்கான ரெஸ்டெக்ஸ் பக்கம் போனால் எண்ணோடு ரெஸ்யூம் கிடைக்கும், ஆனால் நல்ல வேலையில் உறுதியாக இருக்கும் மூத்தவர்கள் அங்கே ரெஸ்யூம் ஏற்றுவது குறைவு. இடைநிலைப் பதவிகளுக்கு அதுவே சிறந்தது.

சந்தா கட்டுப்படியாகுமா என்பது உங்கள் ஃபீஸைப் பொறுத்தது. 60 லட்சம் சி.டி.சி. (மொத்த ஆண்டுச் சம்பளம்) பதவிக்கு 8.33 சதவீத ஃபீஸில் வேலை எடுத்தால் சுமார் 5 லட்சம். அந்தச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு ரிடெய்னர் (தேடல் தொடங்கும்போதிலிருந்தே தவணையாக வாங்கும் ஃபீஸ்) என்றால் 20 லட்சம். தொகையைவிடப் பணம் வரும் நாள் முக்கியம். ஆள் சேர்ந்த பிறகுதான் பில் என்றால் தேடலுக்கு 45 நாள், நோட்டீஸ் பீரியட் 90 நாள், பில் போட்டு இன்னொரு 45 நாள் என்று முதல் ரூபாய் வர ஆறு மாதம் ஆகும். அதுவரை சந்தாவைக் கைக்காசில் கட்ட வேண்டும். ரிடெய்னரில் முதல் தவணை கையெழுத்தன்றே வரும், அதில் சந்தா அடங்கிவிடும். எனவே ஆண்டுச் சந்தா தள்ளுபடியைப் பார்த்து மயங்காமல், மேன்டேட் (கிளையன்ட் தரும் தேடல் பணி) கையில் வந்த பிறகு மாதச் சந்தாவாக எடுங்கள். சிறு தொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவு இலவசம், முதலிலேயே செய்துவிடுங்கள், எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டப்படி 45 நாளுக்குள் பணம் கேட்கும் உரிமை அதனால் வரும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் லிங்க்ட்இன் பில்லிங் பக்கத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால்தான் கட்டிய வரியை எடுத்துக்கொள்ள முடியும். நீங்கள் போடும் பில்லில் 18 சதவீதம். பில்லில் போட வேண்டிய சேவைக் குறியீடு (எஸ்.ஏ.சி.) ரிடெய்னர் தேடலுக்கு 998511, மற்ற நிரந்தர வேலைவாய்ப்புக்கு 998512.

புரொஃபைல்களை மொத்தமாக உறிஞ்சி எக்செலில் போடும் பிரவுசர் நீட்சிகளைத் தொடாதீர்கள். அது விதிமீறல், கணக்கு முடக்கப்பட்டால் தேடல் நடுவிலேயே நின்றுவிடும். லைட்டில் ஒவ்வொரு தேடலுக்கும் திறக்கும் ப்ராஜெக்ட்டில் எழுதும் குறிப்புகளையும் அன்றன்றைக்கே உங்கள் சொந்த ஷீட்டில் கையால் ஏற்றுங்கள்: பெயர், கம்பெனி, சம்பளத்தில் ஃபிக்ஸட் எவ்வளவு, வேரியபிள் எவ்வளவு, நோட்டீஸ், குடும்பம் எந்த ஊரில், பேசிய தேதி, ரெஸ்யூமை கிளையன்ட்டுக்கு அனுப்பச் சம்மதித்தாரா. சம்மதம் பற்றிய அந்தக் கடைசிக் கட்டத்தைக் காலியாக விடவே கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சம்மதத்தைத்தான் முக்கியமாக வைக்கிறது. சந்தாவை நிறுத்தினால் ப்ராஜெக்ட்டும் குறிப்பும் கைவிட்டுப் போகும். ஆகவே ஆள் வேலையில் சேர்ந்த வாரம் ஷீட்டைச் சரிபார்த்துவிட்டு, பில்லிங் தேதிக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள். அடுத்த மேன்டேட் வந்ததும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம்.