நீச்சல் குள மோட்டார் போனபோது: வேரியபிள் ஸ்பீடுக்கு மாறி மூன்று கோடைகள்

டல்லாஸ் பக்கம் ஃபிரிஸ்கோவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் 15,000 கேலன் பிடிக்கும் குளம் ஒன்று இருக்கிறது. 2022 ஆகஸ்டில் ஒரு காலை பம்ப் ஓடவில்லை. ம்ம்ம் என்று சில நொடி முக்கிவிட்டு நின்றது. சூடு தணிந்ததும் மறுபடி அதே முக்கல். அந்த வெயிலில் இரண்டு நாள் தண்ணீர் சுற்றாமல் நின்றால் பாசி பிடித்துவிடும்.

பார்க்க வந்த டெக்னீஷியன் பின்மூடியைக்கூடக் கழற்றாமல் பம்ப் செட்டையே மாற்றச் சொன்னார். மனம் ஒப்பவில்லை. பிரேக்கரை அணைத்துவிட்டு, மோட்டாரின் பின்மூடியைத் திறந்து ஷாஃப்டைக் கையால் சுற்றிப் பார்த்தேன். தடையில்லாமல் சுற்றியது. முக்குகிற மோட்டாரில் முதலில் பார்க்க வேண்டியது இதுதான். ஷாஃப்ட் இறுகிப் போயிருந்தால் பேரிங் போயிருக்கும், அல்லது தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லரில் கல்லோ விதையோ சிக்கியிருக்கும். லேசாகச் சுற்றினால் சந்தேகம் மோட்டாரைக் கிளப்பிவிடும் கெபாசிட்டர் மேல்தான். என்னுடையதில் 25 மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருந்தது, மீட்டர் 9 காட்டியது. இருபது டாலருக்குள் புதிது வாங்கிப் போட்டதும் ஓடிவிட்டது. ஒரு எச்சரிக்கை: மின்சாரத்தை நிறுத்தினாலும் கெபாசிட்டரில் சார்ஜ் தங்கியிருக்கும். அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் முனைகளைத் தொடவே கூடாது.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். அக்டோபரில் மோட்டார் கிறீச்சிட ஆரம்பித்தது. அப்புறம்தான் குனிந்து சரியாகப் பார்த்தேன். மோட்டாரும் பம்பும் சேரும் இடத்துக்கு அடியில் வெள்ளையாக உப்புப் படிந்திருந்தது, பக்கத்தில் ஒரு சொட்டு ஈரம். கோடை முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது. பம்பின் தண்ணீர் ஷாஃப்ட் வழியாக மோட்டாருக்குள் வராமல் தடுக்கும் ஷாஃப்ட் சீல் கசிந்தால், அந்தத் தண்ணீர் நேராக முன் பேரிங்குக்குள் போகும், கிரீஸைக் கழுவிவிடும், பேரிங் துருப்பிடித்துக் கத்தும். பேரிங்கை மட்டும் மாற்றலாம்; பெரிய செலவில்லை. ஆனால் வைண்டிங்குக்கும், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருளுக்கும், மோட்டார் உடம்புக்கும் இடையே மீட்டர் வைத்தபோது முடிவிலி காட்டாமல் ஒரு எண் வந்தது. ஈரம் வைண்டிங் வரை போய்விட்டது என்று அர்த்தம். இன்னும் கொஞ்ச நாளில் பிரேக்கர் விழ ஆரம்பித்திருக்கும். சரி, மோட்டாரை மாற்றிவிடலாம், பம்ப் உடல் நன்றாக இருக்கிறது, அது இருக்கட்டும் என்று முடிவெடுத்தேன்.

வாங்கும்போது பலரும் ஏமாறும் இடம் நேம்பிளேட், அதாவது மோட்டார் மேல் இருக்கும் விவரத் தகடு. அதில் இருக்கும் ஹெச்பியை மட்டும் பார்த்தால் போதாது. பக்கத்தில் எஸ்எஃப் என்று, அதாவது சர்வீஸ் ஃபேக்டர், ஒரு எண் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் மோட்டாரின் மொத்தத் திறன். 1 ஹெச்பி, எஸ்எஃப் 1.65 என்றிருக்கும் மோட்டாரும், 1.5 ஹெச்பி, எஸ்எஃப் 1.10 என்றிருக்கும் மோட்டாரும் ஒரே பலம்தான். பழைய இம்பெல்லரை வைத்துக்கொண்டு மொத்தத் திறன் குறைந்த மோட்டாரைப் போட்டால் அது சுமை தாங்காமல் சூடாகி நிற்கும். அடுத்து மோட்டார் பம்போடு சேரும் முகப்புத் தகடு சதுரமா, வட்டமா என்று பார்க்க வேண்டும். வோல்டேஜ் 115ஆ 230ஆ என்பதும் முக்கியம்.

நான் எடுத்தது செஞ்சுரி வி-கிரீன் 165, சதுரத் தகடு, 230 வோல்ட். இது வேரியபிள் ஸ்பீடு மோட்டார், அதாவது வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம். அமெரிக்காவில் 2021 ஜூலைக்குப் பிறகு தயாராகும் பம்புகளுக்கு மின்சிக்கன விதி வந்ததால், தரைக்குள் கட்டிய குளங்களுக்கான பெரும்பாலான பம்புகள் வேரியபிள் ஸ்பீடுக்கு மாறிவிட்டன. கணக்கு எளிமையானது: வேகத்தைப் பாதியாக்கினால் தண்ணீர் பாதியாகும், மின்சாரம் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். நடைமுறையில் அந்த அளவுக்கு இறங்காது. என் பழைய மோட்டார் 1,700 வாட் வாக்கில் இழுத்தது. புதியது நிமிடத்துக்கு 1,725 சுற்றில், அதாவது பாதி வேகத்தில், 300 வாட் வாக்கில் இழுக்கிறது. முன்பு எட்டு மணி நேரத்துக்குப் பதின்மூன்று யூனிட்டுக்கு மேல் ஆனது. இப்போது பாதி வேகத்திலேயே பதினாறு மணி நேரம் ஓடினால், அதே அளவு தண்ணீரைச் சுற்றி, ஐந்து யூனிட்டுக்குள் முடிகிறது. சத்தமும் போய்விட்டது. பக்கத்தில் உட்கார்ந்து பேச முடிகிறது, எனக்கு அதுவே பெரிய சந்தோஷம்.

குறைந்த வேகத்தில் சில சிரமங்கள் உண்டு. தண்ணீரின் மேல் மிதப்பதை இழுக்கும் ஸ்கிம்மர் இலைகளை இழுக்காது, அதனால் காலையில் இரண்டு மணி நேரம் வேகத்தைக் கூட்டி வைக்கிறேன்; அப்போது மின்சாரம் மேலே சொன்ன கணக்கைவிடக் கூடும். உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் செல் போதிய ஓட்டம் இல்லாவிட்டால் அணைந்துவிடும். அது அணையாத வேகத்தைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. உள்ளே எலக்ட்ரானிக் போர்டு இருப்பதால் இடி மின்னலுக்காக சர்ஜ் புரொடெக்டரும் போட்டிருக்கிறேன்.

மாட்டும்போது இரண்டு விஷயத்தில் சலுகையே காட்டாதீர்கள். மோட்டார் உடம்பில் திருகியிருக்கும் தடித்த வெற்றுச் செம்புக் கம்பியைப் புது மோட்டாரிலும் இறுக்கி மாட்ட வேண்டும். குளத்தில் இறங்கும் குழந்தைகளுக்கு ஷாக் அடிக்காமல் காப்பவற்றில் அதுவும் ஒன்று. இன்னொன்று சீல். பழைய சீலை மறுபடி போடக் கூடாது. புதியதன் பளபளக்கும் முகத்தில் விரல் படக் கூடாது, கை எண்ணெய் பட்டாலே சரியாக உட்காராது.

மாதம் ஒருமுறை பம்புக்கு அடியில் உலர்ந்த அட்டை ஒன்றை விரித்து, மறுநாள் எடுத்துப் பார்க்கிறேன். மூன்று கோடையாக அட்டை நனையவில்லை.