நாஷ்வில் போன இரண்டு ராக் குரல்கள்: பிளான்ட்டா, டைலரா?

லெட் ஸெப்பெலின் ராக் குழுவின் பாடகர் ராபர்ட் பிளான்ட், ஏரோஸ்மித் ராக் குழுவின் பாடகர் ஸ்டீவன் டைலர் இருவரும் 1948இல் பிறந்தவர்கள். உச்சஸ்தாயியில் அலறியே உலகப் புகழ் பெற்றவர்கள். வயதான காலத்தில் இருவருமே அதிரடியான ஹார்ட் ராக்கைத் தள்ளிவைத்துவிட்டு, அமெரிக்க நாட்டுப்புற மரபில் வந்த கன்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்விலுக்குப் போய்ப் பாடினார்கள். டி போன் பர்னெட் என்ற தயாரிப்பாளர் இருவருடனும் பணியாற்றியிருக்கிறார். இத்தனை பொருத்தம் இருந்தும் விளைச்சல் ஒன்றாக இல்லை.

பிளான்ட் முதலில் செய்தது தனி ஆல்பம் அல்ல. 2007 அக்டோபரில் வந்த 'ரெய்ஸிங் சேண்ட்', ஃபிடில் கலைஞரும் பாடகியுமான ஆலிசன் கிரவுஸுடன் சேர்ந்து பாடியது. அதே டிசம்பரில் லண்டனில் லெட் ஸெப்பெலின் ஓர் இரவுக்கு மட்டும் ஒன்றுகூடியது. அடுத்து உலகச் சுற்றுப்பயணம்தான் என்று ரசிகர்கள் காத்திருக்க, அவர் கிரவுஸுடன் மேடையேறினார். 2009இல் அந்த ஆல்பம் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதைப் பெற்றது. 2010இல் தன் பெயரில் 'பேண்ட் ஆஃப் ஜாய்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார். டைலரின் 'வீ ஆர் ஆல் சம்படி ஃப்ரம் சம்வேர்' ஆல்பம் வந்தது 2016 ஜூலையில்.

இருவருமே தங்கள் பழைய பாட்டு ஒன்றை மறுபடி பாடியிருக்கிறார்கள். வித்தியாசம் அங்கேதான் பளிச்சென்று தெரிகிறது. 'ப்ளீஸ் ரீட் த லெட்டர்' பாட்டை பிளான்ட் 1998இல் லெட் ஸெப்பெலின் கிட்டார் கலைஞர் ஜிம்மி பேஜுடன் சேர்ந்து பதிவு செய்தபோது அதில் கிட்டாரின் உந்துதல் இருந்தது. 'ரெய்ஸிங் சேண்ட்'டில் வேகம் பாதியாகிவிட்டது போன்ற உணர்வு. தாளம் கனத்து நடக்கிறது, கிரவுஸின் குரல் பக்கத்திலேயே வருகிறது. கடிதத்தைப் படித்துப் பார் என்று கெஞ்சுபவன் கத்தமாட்டான் என்பது இந்தப் பதிவில்தான் புரிகிறது.

டைலர் எடுத்துக்கொண்டது 1989இன் 'ஜேனீஸ் காட் எ கன்'. தந்தையின் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணின் கதை அது. புதிய வடிவத்தில் இசை அடங்கியிருக்கிறது, குரல் அடங்கவில்லை. என் காதுக்கு, பழைய டைலர் புது உடுப்பில் நிற்பதாகவே கேட்கிறது. அவர் குரல் இன்னும் வலுவாக இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வலுவைக் காட்டாமல் விட அவருக்கு மனம் வரவில்லை.

டைலரின் ஆல்பத்தில் 15 பாடல்கள், நான்கு தயாரிப்பாளர்கள். ஒரு பாட்டில் மண்வாசனை, அடுத்ததில் வானொலிக்கென்றே அளவெடுத்துத் தைத்த கொண்டாட்டம். 'ரெட், ஒயிட் அண்ட் யூ' போன்றவற்றை நான் தயங்காமல் தாண்டிப் போய்விடுவேன். பிளான்ட்டோ, 'பேண்ட் ஆஃப் ஜாய்' ஆல்பத்தைக் கிட்டார் கலைஞர் படி மில்லருடன் சேர்ந்து தானே தயாரித்தார்; தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே குழுவின் ஒலி. அதில் 'சில்வர் ரைடர்' பாட்டைக் கேளுங்கள். கிட்டார் அடியில் முனகிக்கொண்டே இருக்க, பாடகி பேட்டி கிரிஃபினும் அவரும் ஏறக்குறைய கிசுகிசுப்பில் பாடுகிறார்கள். இப்போது வெடிப்பார், இப்போது வெடிப்பார் என்று தோன்றும், கடைசிவரை வெடிக்கமாட்டார். அந்தத் தவிப்புதான் பாட்டு.

டைலருக்குச் சாதகமாக ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். அவர் பெரும்பாலும் தானே பங்கெடுத்து எழுதிய புதிய பாடல்களைப் பாடினார். பிளான்ட்டின் 'பேண்ட் ஆஃப் ஜாய்'இல் பெரும்பகுதி பிறர் பாடல்கள். அமெரிக்கக் கன்ட்ரி ஆல்பம் பட்டியலில் டைலர் முதலிடத்தில் நுழைந்ததையும் சிறுமைப்படுத்த முடியாது.

ஏரோஸ்மித்தின் மெதுவான பாடல்களை விரும்பியவர்களுக்கு டைலரின் ஆல்பத்தில் பாதியாவது பிடிக்கும். ஒரு ஆல்பத்துக்குத்தான் நேரம் என்பவர்கள் 'பேண்ட் ஆஃப் ஜாய்' கேட்கட்டும். முடிந்தால் ஹெட்போனில், இரவில்.