டீசல் டிரக்: பழைய எஞ்சினைப் புதுப்பிப்பதா, பெரிய பெட்ரோல் எஞ்சினுக்கு மாறுவதா?

செலவு
டீசல்: இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்ப், ஹெட் (எஞ்சினின் மேல்மூடிப் பகுதி) வேலை என்று பில் பெரிதாக வரும். அத்தோடு முடிந்துவிடும்.
பெட்ரோல்: எஞ்சின் மலிவாகக் கிடைக்கலாம். அப்புறம்தான் செலவே: டேங்க் சுத்தம், புது ஃபியூவல் பம்ப், வயரிங், இசியூ (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி), மவுண்ட் (எஞ்சினைத் தாங்கும் பிடிப்பு), சைலன்சர்.

பொருத்துவது
டீசல்: கழற்றிய இடத்திலேயே உட்காரும்.
பெட்ரோல்: கியர்பாக்ஸோடு சேருமா என்பதுதான் முதல் கேள்வி. ஜெனரல் மோட்டார்ஸின் 6.2 லிட்டர் டீசலுக்கும் 7.4 லிட்டர் பெட்ரோலுக்கும் பெல் ஹவுசிங் (எஞ்சினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்து உறை) போல்ட் அமைப்பு ஒன்றே, அதனால் அங்கே வேலை எளிது. மற்ற வண்டிகளில் அடாப்டர் தேவைப்படலாம். சேர்ந்தாலும் சரி, டிஃபரென்ஷியலின் (அச்சில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் பற்சக்கரத் தொகுதி) பல் விகிதத்தைப் பார்க்காமல் இறங்காதீர்கள். டீசல் குறைந்த ஆர்பிஎம்மில் (நிமிடச் சுழற்சியில்) இழுக்கும். அதற்கென வைத்த விகிதத்தில், உயர் ஆர்பிஎம்மில் பலம் காட்டும் பெட்ரோல் எஞ்சின் மந்தமாகத் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

எரிபொருள்
டீசல் தெளிவாகச் சிக்கனம்.
பெட்ரோல்: பாரம் ஏற்றினால் நன்றாகவே குடிக்கும்.

குளிரில் ஸ்டார்ட், சத்தம்
இரண்டிலும் பெட்ரோலுக்கே என் ஓட்டு.

பாரம் இழுத்து நெடுந்தூரம் ஓட்டுபவர் டீசலையே புதுப்பிக்கட்டும். குறைவாக ஓட்டி, வேகத்தை ரசிப்பவர், வெல்டிங்கும் வயரிங்கும் தெரிந்தவர் என்றால் பெட்ரோலுக்குப் போகலாம். ஆனால் வண்டியின் பதிவில் எரிபொருள் வகையை மாற்ற அனுமதி உண்டா என்பதை, பழைய எஞ்சினைத் தூக்கும் முன்பே விசாரித்துவிடுங்கள்.