பழம் தின்ன மறுக்கும் பிள்ளைகளுக்கு ஏற்ற கடை: நாகல் நகர் பழக்காரக்கா

திண்டுக்கல் நாகல் நகரில், பெயர்ப்பலகை இல்லாமலேயே "பழக்காரக்கா கடை" என்று அறியப்படும் சிறிய கடையைப் பற்றி எழுதக் காரணம், அங்குள்ள பழங்களின் தரத்தைக் காட்டிலும் அவற்றை விற்கும் முறைதான். பழத்தட்டைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளையை வைத்துக்கொண்டு கிலோக் கணக்கில் வாங்குவது வீண்செலவு. தேவைப்படுவது ஒரு பழமோ, அரைப் பழமோ, சில வேளை ஒரே ஒரு துண்டோதான். அதை முணுமுணுக்காமல் கொடுக்கும் கடைகள் அரிது.

கடையின் முன்பக்கத்தில், சிறுவர்களின் கைக்கு எட்டும் உயரத்தில் பலகை போட்டு, கொய்யா, சப்போட்டா, மலைவாழை, பருவத்தில் நாவல், சீத்தா ஆகியவற்றைத் தனித்தனிக் கூடைகளில் வைத்திருக்கிறார். "எது வேணுமோ நீயே எடு, தங்கம்" என்று சொல்லிவிட்டு அவர் தம் வேலையைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார். பிள்ளை தொட்டுப் பார்க்கலாம், முகர்ந்து பார்க்கலாம், பிடிக்காவிட்டால் திரும்ப வைத்துவிடலாம். 2 முதல் 6 வயது வரை புதிய உணவைக் கண்டு ஒதுங்குவது பெரும்பாலும் வளர்ச்சியின் இயல்பே என்றும், ஒரு சுவை பழகுவதற்கு 8 முதல் 15 முறைகூட அதைக் கொடுத்துப் பார்க்க வேண்டியிருக்கலாம் என்றும் குழந்தை உணவு வல்லுநர்கள் கூறுகின்றனர். அத்தனை முறையும் கெஞ்சலும் மிரட்டலுமாகக் கழிந்தால், பிள்ளையின் மனத்தில் பழத்தின் ருசி எங்கே நிற்கப்போகிறது?

அக்காவின் கைப்பக்குவம் தெரிவது சிறுமலை வாழையில். நன்றாகப் பழுத்தபின் அதன் தோல் சுருங்கிக் கறுத்துவிடும். உள்ளே சதையோ கெட்டியாக, இனிப்போடு இலேசான புளிப்பும் மணமும் கொண்டிருக்கும். அது புவிசார் குறியீடு பெற்ற பழம் என்பதெல்லாம் ஆறு வயதுப் பையனுக்கு ஒரு பொருட்டா? தோலைக் கண்டதுமே "அழுகிப்போச்சு" என்றான் என் மகன். அவர் மறுத்துப் பேசாமல், தோலை முழுவதும் உரித்து அப்புறப்படுத்திவிட்டு, சதையை வட்டவட்டமாக நறுக்கி, வாழையிலைத் துண்டில் வைத்துப் பலகையின் ஓரத்தில் நகர்த்தினார். அவன் ஒரு துண்டில் பாதியைக் கடித்துவிட்டு மீதியை இலையிலேயே வைத்தபோதும் எதுவும் சொல்லவில்லை. (சொல்ல வாயெடுத்த என்னைத்தான் ஒரு பார்வை பார்த்தார்.) இப்போது அந்தப் பழத்தை அவனே கேட்டு வாங்குகிறான்.

கொய்யாவின் விதை பல்லில் சிக்குகிறது என்று மறுக்கும் பிள்ளைகளுக்கு, நடுப்பகுதியைக் கரண்டியால் சுரண்டி எடுத்துவிட்டு, ஓரச் சதையில் துளி உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள கொய்யாவை ஒதுக்கிவிட்டு, ஸ்டிக்கர் ஒட்டிய ஆப்பிளைத் தேடி நாம் ஓடுவது ஏனென்று தெரியவில்லை. பப்பாளியின் வாடை பிடிக்காதவர்களுக்கு அரை மூடி எலுமிச்சை பிழிகிறார். என் மகனிடம் அது இன்னும் பலிக்கவில்லை.

குறைகளும் உண்டு. கடையின் மறுபாதியில் நடக்கும் ஜூஸ் வியாபாரத்தில் சர்க்கரை தாராளமாக விழுகிறது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டல், 2 வயதுக்குட்பட்டோருக்குப் பழச்சாறே வேண்டாம் என்றும், 2 முதல் 5 வயதினருக்கு நாளொன்றுக்கு 125 மில்லிலிட்டருக்கு மேல் கூடாது என்றும் கூறுகிறது; இங்கே ஒரு தம்ளர் அதற்கும் மேல். கடித்துத் தின்னப் பழகிவரும் பிள்ளையை அந்தப் பக்கம் அழைத்துச் செல்லாதிருப்பது நல்லது. பன்னீர் திராட்சையை முழுதாகவே தருகிறார்கள். அது தொண்டையில் அடைக்கக்கூடியது என்பதால், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு வீட்டில் நீளவாக்கில் நான்காக நறுக்கி, விதை நீக்கியே கொடுக்க வேண்டும்.

ஒற்றைப் பழமாக வாங்குவதால் விலை சந்தையைவிடச் சற்றுக் கூடும் என்றாலும், வாங்கியது குப்பைக்குப் போகாததால் எனக்குக் கட்டுப்படியாகிறது. மாலையில் பள்ளி விட்டபின் கூட்டம் நெருக்குவதால், அக்கா பொறுமையாக நறுக்கித் தருவதற்குக் காலை வேளையே தோதானது. செவ்வாய்க்கிழமை கடை கிடையாது.